மெரூன் நூலுருண்டை

கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கும் என் மகள், இந்த முறை லீவுக்கு வந்ததும் வராததுமாக பீரோவைத் திறந்து துணி முழுவதையும் கட்டில் மேல் கொட்டினாள். ஹாஸ்டலில் ஆளுக்கு ஒரு சின்ன அலமாரிதானாம். அதில் அடங்கிய துணியை வைத்துக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாளாம். அப்படியானால் மிச்சமெல்லாம் எதற்கு என்பது அவள் கேள்வி.

"ஒரு வருசமா போடாதது எதுவும் இந்த வீட்டுல இருக்கக் கூடாதும்மா. துணி குறைஞ்சா மனசு லேசாகுது. நீ நம்ப மாட்டே, இந்த ஒரு வருசத்துல நான் எவ்வளவு மாறிட்டேன் தெரியுமா?"

நம்பினேன். போன வருஷம்வரை எந்தச் சுடிதாருக்கு எந்தத் துப்பட்டா என்று கண்ணாடி முன்னால் நின்று பஸ்ஸை விட்ட பெண் அவள். இப்போது தரையில் உட்கார்ந்து மூன்று குவியல் போட்டுக்கொண்டிருந்தாள். வைத்துக்கொள்ள ஒன்று, கொடுத்துவிட ஒன்று, தரை துடைக்க ஒன்று. என் துணிகளையும் விடவில்லை. கடைசியில் பீரோவின் அடித்தட்டில் கையை விட்டு, பழைய துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு ஸ்வெட்டரை எடுத்தாள். மெரூன் நிறம். கழுத்தில் ஒரு மஞ்சள் கோடு. கையும் ஓரமும் ஒரு மாதிரி நிறம், நடுவில் ஒரு மாதிரி நிறம்.

"இது யாருதும்மா? தூக்கிப் போடலாமா?"

"உங்க பெரியம்மாவோடது," என்றேன். கொஞ்சம் கழித்து, "என்னோடதுதான்," என்றேன்.

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லும்மா" என்று சலித்துக்கொண்டு அவள் அடுத்த துணிக்குப் போய்விட்டாள். நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு எதையும் கோவையாக எடுத்துச் சொல்ல வராது. பிளஸ் டூவோடு படிப்பை முடித்து, குன்னூரில் தேயிலைத் தூள் பாக்கெட் போடும் இடத்தில் வேலை பார்க்கிறவள் நான். பேச வராததைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒருமுறை இப்படித் துணிகளைக் குறைத்தோம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

எங்கள் வீடென்றால் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளில், கடைசி வீடு. அம்மா சிலோன் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி இங்கே வந்து, இங்கேயும் கொழுந்து பறித்தவள். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அதனால் வீட்டில் அம்மா, அக்கா, நான் மூன்றே பேர். அந்த வீட்டில் பீரோ கிடையாது. சுவருக்குச் சுவர் கட்டிய ஒரு கயிற்றுக்கொடிதான். வாசல் பக்கம் அம்மாவின் வேலைத்துணிகள் தொங்கும். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்கு, மழைக்குத் தலையில் போடும் கம்பளி, இரண்டு பழைய சேலை. நடுவில் அக்காவின் பள்ளிக்கூடத் துணிகள். அடுப்புப் பக்கம் என்னுடையவை. யாரும் சொல்லி வைத்ததில்லை, ஆனால் யார் துணியும் அடுத்தவர் இடத்தில் தொங்காது. மழைக்காலத்தில் எங்கள் மலையில் எதுவும் காயாது. அடுப்புப் புகையிலேயே காய வேண்டும். அந்த விஷயத்தில் என் இடம்தான் நல்ல இடம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரைதான். ஆறாம் வகுப்புக்கு அக்கா படிக்கும் டவுன் பள்ளிக்கூடத்துக்கு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போகப்போகிறேன். அந்த வருஷம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அக்கா ஒன்பதாம் வகுப்பு பாஸாகி, ஜூனில் பத்தாம் வகுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மெரூன் ஸ்வெட்டர் போட வேண்டும். அக்கா தன்னுடையதைத் தானே பின்னியிருந்தாள். தையல் டீச்சர் வகுப்பில் சொல்லிக்கொடுத்து, அம்மா தீபாவளி போனஸில் நூல் வாங்கிக்கொடுத்து, குடைக்கம்பியைக் கல்லில் தேய்த்து ஊசியாக்கிப் பின்னியது. "பத்தாவது முடியிற வரைக்கும் வரணும்" என்று கொஞ்சம் தாராளமாகவே பின்னினாள். அதனால் ஒன்பதாம் வகுப்பில் அவள் அதற்குள் தொளதொளவென்று இருப்பாள். கையை மடித்து விட்டுக்கொள்வாள்.

மே மாதக் கடைசியில் ஒருநாள், கொழுந்து மூட்டையோடு நிறுவைக்கு இறங்கி வரும்போது, மழைத்தண்ணீர் ஓடும் கானில் அம்மாவின் கால் மாட்டிக்கொண்டது. மூட்டையை விடாமல் விழுந்ததால் முழங்கால் பிசகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மேட்டில் ஏறி இறங்குகிற வேலை இனி முடியுமா என்பதைப் பிறகு பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள்.

வேலையில் பேர் இருந்தால்தான் லயத்து வீடு. பேர் நின்றுபோனால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். முடியாமல் போனவருக்குப் பதிலாக அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று பேர் கொடுக்கலாம். அதுதான் அங்கே வழக்கம். எங்கள் மேட்டைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசரை எங்கள் ஆட்கள் பழைய வழக்கத்தில் கங்காணி என்றே கூப்பிடுவார்கள். அவர் ஒரு சாயங்காலம் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னபோது, செருப்பில் சேறு என்றார்.

"நான் என்ன செய்யட்டும் தங்கச்சி. மேல கேக்குறாங்க. பேரு ஒண்ணு வேணும். பேரில்லாம வீட்ட எப்புடிப் புடிச்சு வைக்கிறது?"

"கால் சரியாகிற வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கண்ணே," என்றாள் அம்மா.

"கால் எப்ப சரியாகும்னு நீ எழுதிக் குடுப்பியா?"

அடுப்படியில் இருந்த அக்கா வெளியே வந்தாள். "எம்பேரப் போடுங்க மாமா."

"அவ படிக்கிற புள்ள," என்று அம்மா கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"உன் கால் சரியாகிற வரைக்கும்தானம்மா," என்றாள் அக்கா.

எனக்கு அது மிகச் சாதாரணமாகப் பட்டது. பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் வந்தால் லீவு கேட்பதுபோல, அம்மாவின் கால் சரியாகும்வரை அக்கா லீவு. அவ்வளவுதான். மறுநாள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் அக்காவுக்கு வயது போதுமா என்று பார்க்க, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்களாம். அதை அவள் வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "மாட்டுச் சந்தையில பாக்குற மாதிரியாக்கா?" என்றேன். அவளும் சிரித்தாள்.

டிஸ்பென்சரியில் அம்மாவுக்காக ஓர் இரும்புக் கட்டிலைக் கொடுத்திருந்தார்கள். அதை வாசல் பக்கம் போட்டோம். நேர் மேலே கொடி. ஈரக் கம்பளியிலிருந்து அம்மாவின் மாவுக்கட்டின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அக்கா ஸ்டூலில் ஏறி, வாசல் பக்கத்து ஆணியிலிருந்து கொடியை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் இழுத்துக் கட்டினாள். கொடி பாதியாகிவிட்டது. பாதிக் கொடியில் முழுக் குடும்பத்தின் துணி தொங்காது. ஆகவே பாயை விரித்துத் துணிகளைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

அன்றும் மூன்று குவியல்தான். அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கொடுத்துவிட ஒன்று.

"உனக்கு எங்கக்கா?" என்று கேட்டேன்.

"அந்தா, கொடியிலயே இருக்குல்ல."

கொடியில் அம்மாவின் வேலைச்சேலை இரண்டும் படங்கும் கம்பளியும் நடு இடத்துக்கு நகர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன.

எனக்குச் சிறிதாகிப்போன கவுன்களை வாங்கிக்கொள்ள, சின்னப் பிள்ளை வைத்திருந்த பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். "என்னடி பெரியவளே, தீவாளி இப்பவே வந்துருச்சா? எல்லாருக்கும் துணி எடுத்துக் குடுக்கிற" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவள், குவியலைக் கிளறும்போது அக்காவின் வெள்ளைத் தாவணியும் மெரூன் பாவாடையும் கைக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினாள். அவற்றை மடித்துத் திரும்பப் பாயில் வைத்தாள்.

"இது வேணாம்டி. இத நான் எடுக்க மாட்டேன்."

"ஏனத்தை, நல்ல துணிதானே. அந்தப் புள்ளைக்குத் தைக்கலாம்."

"நல்ல துணிதான். வேணாம்."

அம்மா கட்டிலிலிருந்து, "தாவணியையாச்சும் வச்சுக்கடி. எங்கயாச்சும் போகவர கட்டலாம்," என்றாள்.

"இஸ்கூல் தாவணியக் கட்டிக்கிட்டு எங்கம்மா போறது?" என்றாள் அக்கா. பாவாடையை எனக்குக் குறைத்துத் தைக்க எடுத்து வைத்தாள். தாவணி அம்மாவின் தலையணைக்கு உறையானது.

பிறகு ஸ்வெட்டரை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். அதை அப்படியே எனக்குப் போட்டுவிட்டால் முழங்கால்வரை வரும். பிரித்துத்தான் பின்ன வேண்டும். பின்னி முடிக்கும்போது நூலின் கடைசி முனையை உள்ளே செருகி மறைத்துவிடுவார்கள். அது எங்கே இருக்கிறது என்று பின்னியவருக்குத்தான் தெரியும். அக்கா தேடவேயில்லை. ஓரத்தில் ஓர் இடத்தில் ஊசியை விட்டு முனையை வெளியே எடுத்தாள். ஒரு இழுப்பு. வரிசை வரிசையாகச் சரசரவென்று பிரிந்து வந்தது. எனக்கு அது பெரிய வேடிக்கை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா என் கைகளில் நூலைச் சுற்றினாள். நூல் நேராக இல்லை, நூடுல்ஸ்போலச் சுருள்சுருளாக இருந்தது. வெந்நீரில் அலசி, ஒரு கல்லைக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் சுருள் நிமிர்ந்துவிடும் என்று தையல் டீச்சர் சொல்லியிருக்கிறாராம். இரண்டு நாள் அது அங்கே புகையில் தொங்கியது. என்ன செய்தும் சுருள் முழுதாகப் போகவில்லை.

"இத எனக்குப் பின்னிட்டா உனக்கு?"

"ஒனக்கு மொதல்ல. எனக்கு அப்பறம் பாத்துக்கலாம்."

கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னினாள். அப்படிப் பின்னினால்தான் நான் வளர வளர ஓரத்தைப் பிரித்து நீளம் சேர்க்க முடியும் என்றாள். தன் ஸ்வெட்டரின் கழுத்தில் போட்டிருந்த மஞ்சள் கோட்டையும் விடவில்லை. நான் சின்ன உருவம். அதனால் பின்னி முடித்த பிறகும் தேங்காய் அளவுக்கு ஓர் உருண்டை மிஞ்சியது.

"இதுதான் உன்னோடதுக்கு ஆரம்பமா?" என்று கேட்டேன்.

"ஆமா. இருக்கட்டும்," என்று சொல்லி, அதை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி அலமாரிப் பலகைமேல் வைத்தாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் அக்காவும் நானும் சேர்ந்தே வீட்டைவிட்டுப் புறப்படுவோம். பிரட்டுக்களம்வரை ஒரே வழி. வேலைக்கு ஆள் பிரித்துவிடும் அந்த இடத்தில் அக்கா, அம்மாவின் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, கூடையோடு பெரிய பொம்பளைகளுக்கு நடுவே போய் நிற்பாள். எனக்கு ஸ்வெட்டரின் ஓரத்தை ஒருதரம் இழுத்துவிட்டு, "ஓடு, பஸ்ஸு வந்துரும்" என்பாள்.

நான் யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை. ஆனாலும் பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து இடத்தில் பையை வைத்துவிட்டு, யார் வந்தாலும், "எங்கக்கா வரும்" என்று சொல்ல மட்டும் எனக்குத் தைரியம் இருந்தது. கண்டக்டர் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்கக்கா எந்த ஸ்டாப்புலதான் பாப்பா ஏறும்?" என்று கேட்டார். "இன்னைக்கு ஏறாது" என்றேன். அவர் என் பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, ஒரு கிழவரை அங்கே உட்கார வைத்தார்.

தையல் டீச்சர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர் என் கழுத்துக் கோட்டைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏங்கண்ணு, இது யாரு பின்னுனது?"

"எங்கக்காங்க டீச்சர்."

"அதான பாத்தேன். நீ அவ தங்கச்சியா? அவள எங்க இன்னும் காணம்?"

"அவங்களுக்கு ஸ்வெட்டரு இல்லைங்க டீச்சர். பின்னி முடிச்சதும் வருவாங்க."

"ஸ்வெட்டர் இல்லாமையா வர்ல?"

"ஆமாங்க டீச்சர். நூல் பத்தல. ஒரே ஒரு உருண்டைதான் இருக்குது."

எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். டீச்சர் என் தோளில் கையை வைத்தார். பின்னலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மணி அடித்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே மெரூன் நூல், சிட்டம் சிட்டமாக. "பழைய நூல்தான் கண்ணு. ஊட்டுல சும்மா கெடந்துச்சு," என்றார். ஒவ்வொரு சிட்டத்திலும் கடைக் காகிதம் ஒட்டியபடி இருந்தது. "உங்கக்காகிட்ட குடு. அவ பேர ரிஜிஸ்டர்ல இன்னும் அடிக்கலீன்னு சொல்லு. இந்த மாசம் முடியற மட்டும் அடிக்க வேண்டாம்னு சொல்லி வெச்சிருக்கேன். இதையும் சொல்லோணும், மறந்துராத."

பஸ் ஸ்டாப்பிலிருந்து லயம்வரை மேட்டில் நிற்காமல் ஓடினேன். நூல் கிடைத்துவிட்டது. இனி என்ன?

அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். கொழுந்துச் சாறு பட்டு விரலெல்லாம் கறுத்திருக்கும். பொட்டலத்தைப் பார்த்ததும் வெளியே போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கறை போகவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு நூலை எடுத்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"டீச்சரு என்ன சொன்னாங்க?"

"பேரு இன்னும் அடிக்கலையாம். இந்த மாசம் முடியிற வரைக்கும் அடிக்க மாட்டாங்களாம்."

"அப்புடியேவா சொன்னாங்க? இன்னொருதரம் சொல்லு."

சொன்னேன். எனக்குச் சொல்லச் சொல்ல உற்சாகமாக இருந்தது. அம்மா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "நீ போடி. வீடு போனாப் போகுது. நான் கங்காணிகிட்டப் பேசிக்கிறேன்," என்றாள்.

"பேசி? இந்த மழையில மூணு பேரும் எங்க போயி நிக்கிறது?"

"உங்க அப்பா இருந்திருந்தா..."

"சும்மா இரும்மா," என்றாள் அக்கா. நூலை ஒவ்வொன்றாகத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தாள். என்னைப் பார்த்து, "கலர் சேரல. நாளைக்கு டீச்சர்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டு, கலர் சேரலன்னு சொல்லிரு," என்றாள்.

நான் பொட்டலத்தை வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் நூலை என் ஸ்வெட்டரின்மேல் வைத்துப் பார்த்தேன். புகையும் வெந்நீரும் பட்டதால் என்னுடையது ஒரு பொட்டு மங்கல், அவ்வளவுதான். அதுவுமில்லாமல், அக்காவுக்கு முழு ஸ்வெட்டரையே புதுநூலில் பின்னப்போகிறபோது அது எதோடு சேர வேண்டும்? உள்ளே வந்து இதைக் கேட்டேன். "பெரிய டீச்சரு வந்துட்டா," என்று என் தலையில் தட்டிவிட்டு அக்கா அரிசி களையப் போனாள்.

மறுநாள் டீச்சரிடம் பொட்டலத்தைக் கொடுத்து, சொன்னதைச் சொன்னேன். அவர் என்னை ஜன்னலோரம் அழைத்துப்போய், ஒரு சிட்டத்தை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இப்போது அவர், நன்றாகத்தானே சேர்கிறது என்று சொல்லப்போகிறார், அதை அக்காவிடம் போய்ச் சொல்லலாம் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்கண்ணு," என்றார். "சேரலதான்."

பெரியவர்களுக்கெல்லாம் கண் சரியாகத் தெரிவதில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். டீச்சராவது கண்ணாடி போட்டிருந்தார். அக்காவுக்கு என்ன வந்தது என்றுதான் விளங்கவில்லை.

அம்மாவின் கால் சரியாகவில்லை. மாவுக்கட்டைப் பிரித்தபின் கம்பை ஊன்றிக் குழாயடிவரை போய்வருவாள். இரும்புக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் கொடியை யாரும் பழையபடி நீளமாகக் கட்டவில்லை. பாதிக் கொடியே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அக்கா படிப்பை விட்டுவிட்டாள் என்பது எனக்கு எந்த நாளில் புரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் பஸ்ஸில் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, நான் பையை அங்கே வைக்கவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

ஒவ்வொரு ஜூனிலும் அக்கா பிஸ்கட் டப்பாவை எடுப்பாள். என்னை நிற்கவைத்து முதுகில் சாண் போட்டு அளப்பாள். ஓரத்தைப் பிரித்து இரண்டு விரற்கடை நீளம், கையில் ஒரு விரற்கடை, நான் சதை போட்ட வருஷத்தில் பக்கவாட்டில் ஒரு பட்டை. "எவ்வளவு வளந்துட்டேன் பாருக்கா" என்று நான் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். "கால ஊனு. நூல் தின்னுறதுக்குன்னே பொறந்திருக்கா," என்பாள். சேர்த்துப் பின்னிய நூல் டப்பாவுக்குள்ளேயே கிடந்ததால் நிறம் மங்காமல் இருக்கும். அதனால் எந்த வருஷம் எவ்வளவு வளர்ந்தேன் என்பது மரத்தின் வளையம்போல ஸ்வெட்டரிலேயே தெரியும். உருண்டை தேங்காயிலிருந்து ஆரஞ்சாகி, ஆரஞ்சிலிருந்து எலுமிச்சையாகியது. பின்னும்போது, "இன்னைக்கு என்ன நடத்துனாங்க?" என்று கேட்பாள். ஒன்பதாம் வகுப்புவரை நான் சொல்லத் திணறுகிற இடத்தில் புத்தகத்தைப் பார்க்காமலே அவள் எடுத்துக்கொடுப்பாள்.

நான் பத்தாம் வகுப்புக்குப் போகிற ஜூனும் வந்தது. அக்காவுக்கு அப்போது தோட்டத்தில் நல்ல பேர். அவள் கை வேகத்தைக் கங்காணியே மற்றவர்களுக்குச் சொல்லிக் காட்டுவார். மழைக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறந்து கடைசி உருண்டையை எடுத்தாள். இரண்டு கையிலும் ஓரத்திலும் பின்னி முடித்தபோது ஒரு முழம் நூல் மிஞ்சியது. அதையும் வீணாக்காமல், முனையை உள்ளே செருகி மறைத்தாள். காலி டப்பாவில் அம்மா கடுகைக் கொட்டி வைத்துக்கொண்டாள்.

"போட்டுக் காட்டு," என்றாள் அக்கா.

போட்டுக்கொண்டேன். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. கையை ஒரு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டேன். மங்கலும் புதுசுமாக, அந்த நூல் முழுவதும் என் உடம்பில் ஏறிவிட்டது. கையில் அன்றுதான் வாங்கிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இருந்தது.

"அங்கேயே நில்லு. அசையாத."

வாசல்படியில் நின்றேன். அக்கா கீழே இறங்கி, லயத்தின் முன்னால் ஓடும் கானைத் தாண்டி, எதிர்ப்பக்கம் தேயிலைச் செடியோரம் போய் நின்று என்னைப் பார்த்தாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டும் அவள் வரவில்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

"வா பெரியவளே, பனியில நிக்காத," என்று உள்ளேயிருந்து அம்மா சத்தம் கொடுத்தாள்.

அவள் நகரவில்லை. இரண்டு கையும் ஒரே அளவா என்றுதான் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மடிப்பை இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் அவளுக்கு நேரே நீட்டிக் காட்டினேன்.

"சரியாத்தான்க்கா இருக்கு," என்றேன்.